சமையலறை வரைக்கும் ஒரு கேபிள்

மார்ச் 4

அண்ணாவுக்கு,

‘நலம், நலமறிய ஆவல்’ என்று ஆரம்பித்துப் பார்த்துவிட்டு அடித்துவிட்டேன். எட்டு மாதமாகப் பேசாமல் இருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் அந்த வரி என்னவோ போலிருந்தது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் பழைய கம்ப்யூட்டர் என்னிடம் இருக்கிறதல்லவா, கீபோர்டும் அதுவும் ஒரே பெட்டியாக, பழுப்பேறிப் போய்? அதோடு உன் பழைய பிரிண்டரை இணைக்க வேண்டும். பிரிண்டரும் என்னிடம்தான். அம்மா போனபின் வீட்டைக் காலி செய்த அன்று, “வேணும்கிறவங்க எடுத்துக்கங்க, இல்லன்னா பழைய சாமான் கடை” என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். பாவம் பார்த்துத் தூக்கி வந்தவள் நான். மூன்று வீடு மாறியும் இரண்டும் கூடவே வருகின்றன. நேற்று பிரிண்டரை ஆன் செய்தேன். தலை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஒருமுறை ஓடி நின்றது. உயிர் இருக்கிறது. கேபிளைத்தான் எலி நடுவில் கடித்து இரண்டாக்கியிருக்கிறது. கடிக்காமல் விட்டிருந்தாலும் உதவாது. அது ஒரு கை நீளம். எனக்குப் படுக்கையறையிலிருந்து சமையலறை வரைக்கும் வேண்டும்.

எதற்கென்று கேட்பாய். சொல்லித்தான் ஆக வேண்டும்.

வாண்டுக்கு நாலரை வயது முடிந்துவிட்டது. (நீ வைத்த பேர்தான். மாற்ற மனசு வரவில்லை.) இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. சென்ற மாதம் ஒருநாள் என்னைத் துணி மடிக்க விடாமல் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தான். எதையாவது காட்டி உட்காரவைக்கலாம் என்று அந்தப் பெட்டியைப் பழைய டிவியில் மாட்டி விட்டேன். முதலில் ஒரே எழுத்தைத் திரை முழுக்க அடித்தான். பிறகு வேறு வேறு எழுத்து. ஒருநாள் துணியை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனபோது திரையில் ‘கதவு’ என்று இருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ், நான் போனில் மெசேஜ் எழுதுவேனே, அந்த மாதிரி. என் மடியில் உட்கார்ந்து எத்தனை நாள் அதைப் பார்த்தானோ. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அண்ணா. நான் சத்தியமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இவரிடம் சொன்னேன். “ஏதோ தட்டறான்மா. நீயா கோத்துப் படிச்சுக்கற” என்றார். சரி, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். யாராவது பின்னால் வந்து நின்றால் போதும், அவன் இரண்டு கையாலும் திரையை மறைத்துவிட்டு எல்லாவற்றையும் அழிக்கிற பொத்தானை அழுத்திவிடுகிறான். போனில் படமெடுக்கப் பார்த்தேன். திரைக் கண்ணாடியில் என் போன் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு வாரம் அந்தப் பெட்டிப் பக்கமே போகவில்லை.

ஏப்ரல் 22-ஆம் தேதி டாக்டரம்மா அவனை உட்காரவைத்துப் பார்க்கப்போகிறார். அவர் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் பள்ளிக்கூடம். இவனுக்கு வார்த்தை புரிகிறது, வார்த்தையைப் பயன்படுத்துகிறான் என்று எழுதினால் பக்கத்துத் தெருவில் இருக்கும் பள்ளி எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் இன்னோர் இடம். அதையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து டிவி போட்டிருந்தார்கள். ஒருவர் முகத்தையும் ஒருவர் பார்க்கவில்லை. ஆயா வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

புது அறை என்றால் இவன் மேஜைக்கடியில் போய்விடுவான், எனக்குத் தெரியும். டாக்டரம்மா ‘வார்த்தை இல்லை’ என்று எழுதிவிடுவார். அதனால் காகிதம் வேண்டும். அவன் திரையை அழித்தாலும் அழியாத காகிதம். பிரிண்டர் சத்தம் அவனுக்குக் கேட்கக் கூடாது; வாஷிங் மெஷின் சுற்றினாலே காதைப் பொத்திக்கொள்கிறான். ஆகவே சமையலறையில் வைத்து, இரண்டு கதவையும் சாத்தி, கேபிளைக் கதவுக்கடியில் விடலாம் என்று யோசனை.

இன்னொன்று. அவன் ஒவ்வொரு வரி அடித்ததும் அந்தப் பெட்டி கீழே ‘தவறு’ என்று ஆங்கிலத்தில் போடுகிறது. கதவு, தவறு. பால், தவறு. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதை நிறுத்த முடியுமா?

போன் பண்ணாதே. போனில் நாம் பேசினால் எங்கே போய் முடியும் என்று உனக்கே தெரியும். எழுதிப் போடு. கம்பி விஷயம், எழுத்தில் இருந்தால்தான் எனக்கும் புரியும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

பாப்பா
(வேறு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை.)


மார்ச் 12

பாப்பா,

கடிதம் வந்தது.

கேபிள்: நான்கு கம்பி உள்ளது எந்த எலெக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும். மெல்லிசாகக் கேள். சமையலறை தூரமெல்லாம் இதற்கு ஒரு தூரமே இல்லை. இந்த வகைப் பிரிண்டருக்கு எழுத்துகள் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகும், நீளம் தாங்கும்.

மூன்று கம்பி போதும். ஒன்று எர்த். ஒன்று எழுத்து போகிற வழி. ஒன்று, பிரிண்டர் ‘நான் தயார், சொல்லு’ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற வழி. அந்த வார்த்தை வராதவரை கம்ப்யூட்டர் வாயைத் திறக்காது. எத்தனை தட்டினாலும் ஒரு எழுத்து வெளியே வராது.

உன்னிடம் இருக்கிற கேபிளின் முனைகளைப் பசை ஊற்றி மூடியிருப்பேன். உடைக்க வேண்டாம். அதே மாதிரி அப்போது இன்னொன்று செய்தேன். அது இங்கே இருக்கிறது. திறந்து பார்த்து, எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்கு என்று இந்தத் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு வைத்திருக்கிறேன். எர்த் தவிர மற்ற இரண்டும்: கம்ப்யூட்டர் பக்கம் முதல் துளை, பிரிண்டர் பக்கம் இருபது. கம்ப்யூட்டர் பக்கம் இரண்டாம் துளை, பிரிண்டர் பக்கம் மூன்று. பற்றவைக்கிற சால்டரிங் ராடைப் பெயிண்ட் பிரஷ் மாதிரி பிடிக்காதே. முதலில் சூடு, பிறகு ஈயம்.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அடிக்க வேண்டிய மூன்று கட்டளைகளும் பின்பக்கத்தில் உள்ளன. அடித்தபின் திரையில் வருவதெல்லாம் பிரிண்டருக்கும் போகும். ஒரு எழுத்து பிசகினாலும் கேட்காது.

‘தவறு’: அது அதன் சுபாவம். தனக்குப் புரியாததையெல்லாம் தவறு என்று சொல்லும். நிறுத்த நாலு வரி புரோகிராம் எழுதியிருக்கிறேன். அதை ஓடவிட்டால் எதை அடித்தாலும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளும்.

மற்றதைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. ‘இனிமே என் பிள்ளையைப் பத்தி வாயைத் திறக்காதே’ என்றாய். திறக்கவில்லை.

அண்ணா


மார்ச் 23

அண்ணா,

உன் படத்தை அப்படியே பார்த்துச் செய்தேன். விரல் இரண்டு இடத்தில் கொப்பளித்துவிட்டது. பாத்திரம் தேய்க்கும்போது உயிர் போகிறது. ஈயப் புகைக்குப் பயந்து ஜன்னலோரம் நின்று செய்ததில் கழுத்து வேறு பிடித்துக்கொண்டது. கடைசியில் இவர் டார்ச் பிடித்தார். “காலேஜ்ல உன்னை என்னத்துக்குப் படிக்கவெச்சாங்களோ, இப்ப லைன்மேன் வேலை பாக்கற” என்று ஒரு கிண்டல். டார்ச் பிடித்த கை மட்டும் ஆடவில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

மாட்டினேன். கட்டளை மூன்றையும் அடித்தேன். பிரிண்டர் சிவனே என்று இருந்தது. காகிதத்தைத் திருப்பி வைத்தேன், அணைத்துப் போட்டேன், பிளக்கைப் பிடுங்கிக் குத்தினேன். நான் ஏதோ கெடுத்துவிட்டேன் என்று எல்லாக் கம்பியையும் எடுத்துத் திரும்பவும் பற்றவைத்தேன். பேசவே பேசாது என்று உட்கார்ந்திருந்தது. என் வீட்டில் ஏற்கெனவே ஒருத்தர் அப்படி இருக்கிறார், இன்னொருத்தர் வேண்டாம் என்று அதனிடம் வாய்விட்டே சொன்னேன்.

பிறகு ஆத்திரத்தில் உன் பசையை இடிகல்லால் உடைத்தேன். எலி கடித்த கேபிளின் இரண்டு முனையையும். உள்ளே பார்த்தால் கம்ப்யூட்டர் பக்கம் முதல் துளையில் பச்சைக் கம்பி. பிரிண்டர் பக்கம் அந்தப் பச்சை மூன்றாம் துளையில் இருக்கிறது. நீ இருபது என்று எழுதியிருக்கிறாய். இருபதில் இருப்பது பழுப்பு.

கையில் அந்த இரண்டு கம்பியையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீயேதானே பார்த்தாய்? பச்சையும் பழுப்பும் உனக்கு ஒன்றாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியாதா? இந்தக் கேபிள் செய்தபோது நான் உன் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து நிறம் சொன்னவள். “இது?” என்பாய். “பச்சை” என்பேன். “நல்லா பாத்துச் சொல்லு வாலு, தப்பா சொன்னா ஷாக் அடிக்கும்” என்பாய். ஷாக் எல்லாம் அடிக்காது என்று காலேஜில் போய்த்தான் தெரிந்துகொண்டேன். அப்புறம் எல்லாம் உனக்கு அண்ணிதான் நிறம் சொல்வார். கல்யாண வீட்டுக்குக்கூட அண்ணி எடுத்து வைக்கிற சட்டையைத்தான் போட்டு வருவாய். அண்ணியைக் கூப்பிட்டு ‘இது என்ன நிறம்’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் விரல் வெந்திருக்காது.

அண்ணி பக்கத்தில் இல்லையா?

சரி, மீட்டராவது இருந்திருக்குமே. ஒரே கம்பியின் இரண்டு முனையில் வைத்தால் கூவுகிற மீட்டர். ஊரெல்லாம் நின்றுபோன லிஃப்டுக்கு உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள். தங்கை கேட்டது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுக்கிற வேலையாகிவிட்டதா? கோபத்தில் ஏனோதானோ என்று எழுதினாயோ என்றுகூட நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை.

இரண்டு கம்பியையும் மாற்றிவிட்டேன். இப்போது பிரிண்டர் அடிக்கிறது, ஆனால் குப்பையாக அடிக்கிறது. நான் ‘பால்’ என்று அடித்தால் அது ஏதேதோ கட்டமும் கேள்விக்குறியும் கொட்டுகிறது. 22-ஆம் தேதிக்கு ஒரு மாதம்கூட இல்லை. எனக்கு இரவில் தூக்கமில்லை. படுத்தால் அந்த ஆயா நகம் வெட்டுகிற சத்தம் கேட்கிறது.

அண்ணி எங்கே?

பாப்பா


மார்ச் 31

பாப்பா,

குப்பைக்குக் காரணம் வேகம். கம்ப்யூட்டர் ஒரு வேகத்தில் சொல்கிறது, பிரிண்டர் வேறு வேகத்தில் கேட்கிறது. பிரிண்டரின் பின்புறம் சின்ன மூடி ஒன்று இருக்கும். நெம்பினால் உள்ளே எட்டு ஸ்விட்ச், அரிசி அளவு. பல் குத்தும் குச்சியால் தள்ளு. எது மேலே, எது கீழே என்று பின்பக்கத்தில் வரைந்திருக்கிறேன். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

மீட்டர் இருக்கிறது. பேட்டரி தீர்ந்துபோய்க் கிடந்தது. கடை தெருமுனையில்தான். போகவில்லை. வேலையிலிருந்து வந்தால் செருப்பைக் கழற்றினதோடு சரி, திரும்ப மாட்டத் தோன்றுவதில்லை. கேபிளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தெரிகிறது என்று நானே சொல்லிக்கொண்டு எழுதினேன். விரலுக்கு மருந்து போடு.

உன் அண்ணி போய் ஆறு மாதமாகிறது. அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். சண்டை இல்லை. சண்டையாக இருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும், நம் வீட்டில் சண்டை எப்போது சத்தமில்லாமல் நடந்தது? அவள் ஒருநாள் அலமாரியைக் காலி செய்தாள். நான் லிஃப்ட் பழுதென்று கிளம்பிவிட்டேன். திரும்பி வந்தபோது என் சட்டைகளுக்கெல்லாம் உள்காலரில் நூலால் ஒரு எழுத்துத் தைத்து வைத்திருந்தாள். நீ, ப, சி. நிறத்தின் முதலெழுத்து. தக்காளிக்குத்தான் எழுத்து இல்லை. அழுத்திப் பார்த்து வாங்குகிறேன்.

அன்று நீ சொன்னதைப் பற்றி நீ கேட்கவில்லை. நானே எழுதிவிடுகிறேன், நீ அதை ராத்திரியெல்லாம் மென்றுகொண்டிருப்பாய் என்று தெரியும். “முதல்ல ஒரு பிள்ளையைப் பெத்துப் பாருங்க, அப்புறம் வந்து சொல்லுங்க” என்றாய். அதனால் அவள் போகவில்லை. அது அதற்கு வெகுநாள் முன்பே ஆரம்பித்த கதை. வலித்ததா என்றால், வலித்தது. இரண்டு பேருக்கும். அவ்வளவுதான்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வாண்டுவின் பின்னால் போய் நின்று நான் கை தட்டினேன். அவன் திரும்பவில்லை. மறுபடி தட்டினேன். சாப்பிட உட்கார்ந்த அத்தனை பேருக்கும் முன்னால் தட்டினேன். லிஃப்டைச் சோதிப்பது போல. டாக்டரிடம் காட்டு என்பதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவனுக்கு என்ன என்று ஒரு பேரும் வைத்தேன், ஏதோ படித்ததை வைத்துக்கொண்டு. சொன்ன விஷயத்தை நான் வாபஸ் வாங்கவில்லை. தட்டியதை வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அவன் அழிப்பதை நீ கதவுக்கு அந்தப் பக்கம் நின்று படிக்கப்போகிறாய். உனக்கு வேறு வழியில்லை, புரிகிறது. தெரிந்துவிட்டால் என்ன செய்வான்?

அண்ணா


ஏப்ரல் 10

அண்ணா,

எல்லாம் போச்சு.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஸ்விட்சைத் தள்ளியதும் பிரிண்டர் சுத்தமாக அடித்தது. நான் சும்மா ‘பால்’ என்று அடித்துவிட்டுச் சமையலறைக்கு ஓடிப் பார்த்தேன். பால். அடுப்பில் வைத்த நிஜப் பால் அதற்குள் பொங்கி வழிந்துவிட்டது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

வாண்டு உட்கார்ந்தான். உன் நாலு வரி புரோகிராமைத்தான் ஓடவிட்டிருந்தேன், ‘தவறு’ வரக்கூடாதென்று. அவன் ‘கதவு’ அடித்தான். வரி முடிந்ததும் அழுத்துகிற பெரிய பொத்தானை அழுத்தினான். அழுத்திவிட்டுக் காத்திருந்தான். திரையில் ஒன்றும் வரவில்லை. இன்னொரு தரம் அழுத்தினான். திரைக்குப் பக்கத்தில் மூக்கு இடிக்கிற மாதிரி போய்ப் பார்த்தான். கடைசியில் பெட்டியின் தலையில் ஒரு அடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் இதே கதை. பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் வெறுத்த அந்தத் ‘தவறு’க்காகத்தான் அவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் ஒன்று சொன்னால் அது ஒன்று சொல்கிறது. நாங்கள் எல்லோரும் ஆயிரம் சொல்கிறோம், பதில் சொல்லு, பதில் சொல்லு என்று உயிரை வாங்குகிறோம். அது மட்டும்தான் அவன் சொல்வதற்குப் பதில் சொல்லியிருக்கிறது.

உன் புரோகிராமைத் தூக்கிவிட்டேன். மன்னித்துக்கொள். அவன் மறுபடி வந்தான். நாலு நாளில் ஒரு முழத்துக்குக் காகிதம் சேர்ந்தது. ‘மழை’ என்று ஒரு வரி. ‘மெஷின் வேணாம்’ என்று ஒரு வரி. ‘அப்பா டீ’ என்று ஒரு வரி. எல்லாவற்றுக்கும் கீழே தவறு, தவறு, தவறு. இவரிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். “டீன்னு எழுதியிருக்கான்டி. என்னைப் பத்தி எழுதியிருக்கான்” என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று போனவர் வெகுநேரம் வரவில்லை.

நேற்று நான் குளிக்கப் போனபோது சமையலறைக் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. இவ்வளவு செய்தவள் ஒரு தாழ்ப்பாளைப் போடவில்லை. சத்தம் கேட்டு வந்திருக்கிறான். நான் வந்து பார்க்கும்போது பிரிண்டருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழவில்லை. நான் வந்ததும் எழுந்து என்னைப் பார்க்காமல் போய்விட்டான். அதற்கப்புறம் பெட்டியைத் தொடவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட என் கையிலிருந்து வாங்கவில்லை, இவர் கொடுத்தால்தான் வாங்குகிறான்.

நீ கேட்டாயே, தெரிந்தால் என்ன செய்வான் என்று. இதுதான்.

கையில் ஒரு முழம் காகிதம் இருக்கிறது. டாக்டரம்மாவுக்கு அது போதுமோ என்னவோ. ஆனால் அவனுக்கு இருந்த ஒரே பேச்சுத் துணையை நான் ஒட்டுக்கேட்டுக் கெடுத்துவிட்டேனே என்று தோன்றுகிறது. யாரிடம் சொல்ல? இவரிடம் சொன்னால் “சரியாயிடும்” என்பார். அந்த வார்த்தையைக் கேட்கத் தெம்பில்லை.

அண்ணியைப் பற்றி நீ எழுதியதை நாலைந்து தரம் படித்தேன். என்ன எழுதுவதென்று தெரியாமல் இதுவரை வேறு விஷயமாகவே எழுதிக்கொண்டு போய்விட்டேன். சட்டைக் காலரில் எழுத்துத் தைத்துவிட்டுப் போனவரை நீ ஒரு தரம் போய்ப் பார்க்கக் கூடாதா?

பாப்பா


ஏப்ரல் 23

அண்ணா,

இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் பார்க்காதே. இதைப் படித்துவிட்டுப் பார்.

பத்து நாள் அவன் பெட்டிப் பக்கம் வரவில்லை. நானும் ஒன்றும் செய்யவில்லை. செய்யச் சக்தி இல்லை என்பதே நிஜம். ஒன்று மட்டும் செய்தேன்: சமையலறைக் கதவைத் திறந்தே வைத்தேன். படுக்கையறைக் கதவையும். இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது? பிரிண்டரை அணைக்கவும் இல்லை. அது பச்சை விளக்கை (உனக்கு எந்த நிறமோ) எரியவிட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தது.

முந்தாநாள் காலை நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று பிரிண்டர் ஓடியது. நான் திரும்பவில்லை. கத்தியை மட்டும் கீழே வைத்தேன். ஓடிவருகிற காலடி. காகிதத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே ஓடினான். மறுபடி சத்தம். மறுபடி வந்தான். மூன்றாவது தடவை ஒரு கையால் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையைப் பிரிண்டரின் மேல் வைத்தான், அது அதிர்வதைப் பார்க்க. பிறகு காகிதத்தைத் தானே கிழித்து, என்னிடம் கொடுத்தான் என்று எழுத ஆசைதான். கொடுக்கவில்லை. காய்ப் பலகையின் மேல் வைத்துவிட்டுப் போனான். என் கைக்கு எட்டுகிற தூரத்தில்.

நேற்று டாக்டரம்மா. நினைத்தபடியே நேராக மேஜைக்கடியில் போய்விட்டான். கட்டையைக் காட்டினார், பொம்மையைக் காட்டினார், மணி அடித்தார், கூப்பிட்டார். அவர் எழுதிக்கொண்டே போனார். எழுதுகிற கையைப் பார்த்துக்கொண்டே நான் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன்.

மடிப்பு மடிப்பாகப் பிரித்து முழுக்கப் படித்தார். “யாரும்மா இது, ஒவ்வொண்ணுக்கும் கீழ தப்பு தப்புன்னு எழுதறது?” என்றார்.

“மெஷின், டாக்டர். அதுக்குப் புரியலன்னா அப்படித்தான் சொல்லும்.”

சிரித்துவிட்டார். பிறகு திரும்பவும் ஒருதரம் மேலிருந்து கீழே பார்த்தார். “இத்தனை தடவை தப்புன்னு சொல்லியும் அடுத்த வரி எழுதறானே” என்றார். சொல்லிவிட்டு, எழுதி வைத்திருந்ததில் ஒரு வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

கடைசிக் காகிதத்துக்கு வந்தபோது, “இது யார் மாமா?” என்று கேட்டார். நான் சொன்னேன். அன்று நடந்ததை முழுக்கச் சொல்லவில்லை. நீ கை தட்டியதையும் அவன் திரும்பாததையும் மட்டும். “எப்ப நடந்தது?” என்றார். போன வருஷம் என்றேன். தலையாட்டிக்கொண்டே மேஜைக்கடியில் குனிந்து அவனைப் பார்த்தார். அவன் பார்க்கவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

காது நன்றாகக் கேட்கிறதாம். பக்கத்துத் தெருப் பள்ளிக்கே எழுதிக் கொடுத்திருக்கிறார், கூட ஒருவர் உட்கார வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவனுக்கு என்ன என்பதற்கும் ஒரு பேர் எழுதியிருக்கிறார். நீ அன்று சொன்ன அதே பேர்தான். கேட்டால் இடிந்துபோவேன் என்று இத்தனை மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். இறங்க வேண்டிய இடம் தாண்டி இவர்தான் எழுப்பினார்.

இப்போது காகிதத்தைப் பார். காய்ப் பலகையில் வைத்துவிட்டுப் போனது அதுதான். மூன்று வரி, மூன்று தவறு.

‘டக் டக்.’
‘மாமா கை தட்டு.’
‘கேக்குது.’

பிரிண்டர் சத்தத்துக்கு அவன் வைத்திருக்கிற பேர் உன் கைதட்டல், அண்ணா. அன்றைக்கு அவனுக்குக் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு தட்டும் கேட்டிருக்கிறது.

இது அவன் எனக்குக் கொடுத்ததாகத்தான் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் உனக்கு வந்த பதில். அதனால் அனுப்புகிறேன். எழுத்து மங்கலாக இருக்கும், மை ரிப்பன் காய்ந்துவிட்டது. பத்திரமாக வை. இதற்கு நகல் இல்லை.

போன் பண்ணலாம்.

பாப்பா


மே 2

பாப்பா,

போன் பண்ண எடுத்தேன். வைத்துவிட்டேன். எழுதிவிடுகிறேன்.

காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மங்கல்தான், படிக்க முடிகிறது. மூன்று வரியையும் படித்தேன். இடையில் இருந்த மூன்று வரியையும் படித்தேன். அந்த மூன்றும் எனக்கும் பொருந்தும்.

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணியைப் பார்க்கப் போனேன். அவளிடமும் காட்டினேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். திரும்பும்போது வாசல்வரை வந்து, “இன்னைக்கு ஊதாச் சட்டைக்கு நீல பேன்ட் போட்டிருக்கீங்க” என்றாள். அதற்கு மேல் என்னைக் கேட்காதே, எனக்கும் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை அங்கே வருகிறேன். கை தட்ட மாட்டேன், பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டேன். பிரிண்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். ஏதாவது வந்தால் படிக்கிறேன்.

புது ரிப்பன் விசாரித்தேன். இன்னும் கிடைக்கிறதாம், கறுப்பிலும் சிவப்பிலும். எனக்கு இரண்டும் ஒன்றுதான். கடைக்காரரிடம் கேட்டே வாங்குகிறேன்.

அண்ணா